நார்த்தூளில் வளரும் செடிக்கு எத்தனை நாளைக்கொரு முறை உரமிடுவது?

மணவாளக்குறிச்சியின் பெயர் வெளிதேசங்களில் பரவுவதற்குத் தென்னங்கயிறு காரணமாயிருந்தது என்று சொன்னால் பலருக்கு வியப்பாகவே இருக்கும். அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த இக்கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை, ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன சாஸ்திரி 1909-ம் வருஷத்தில் பரிசோதித்து, அதில் மோனசைட் என்னும் அரிய தாதுப்பொருள் கலந்திருப்பதைக் கண்டார். மறு வருஷமே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் ஏற்பட்டது. கயிற்றிலிருந்து உதறித் தள்ளிய மணலுக்கு இவ்வளவு மதிப்பு உண்டாகும் என்று, கயிறு திரித்தவர்கள் அதற்கு முன் நினைத்திருக்கமாட்டார்கள்.

அதே கயிற்றுத் தொழிலில் உதறித் தள்ளப்படும் பொருள் இன்னொன்று உண்டு. கதம்பையை அடித்துத் தும்பைப் பிரித்தெடுக்கும்போது உதிரும் பழுப்பு நிறத் தூளே அது. நிறையில் ஒரு பங்கு தும்புக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு தூள் மிஞ்சுகிறது. தும்பு ஆலைகளின் ஓரத்தில் இது நெடுங்காலம் குன்றுகளாகக் குவிந்து கிடந்தது; மழைக்காலத்தில் அதனின்று வடிந்த காவிநீர் அயலிலுள்ள கிணறுகளையும் ஓடைகளையும் கெடுத்தது. இன்றோ அத்தூள் கட்டிகளாக அழுத்தப்பெற்றுக் கப்பலேறுகிறது. நம் தேசத்திலிருந்து வெளியே செல்லும் தென்னை நார்ச் சரக்குகளில் நார்த்தூளுக்கு இப்போது முதன்மையான இடம் இருக்கிறது. உள்நாட்டிலும் குழித்தட்டு நாற்றங்கால்களிலும், நிழல்வலைக் குடில்களிலும், வீட்டு மாடிகளில் வைக்கும் பைகளிலும் மண்ணுக்குப் பதிலாக இதுவே நிரப்பப்படுகிறது. 2013-14-ம் வருஷத்தில் சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் தொடங்கிய மாடித் தோட்டத் திட்டத்தின் வாயிலாக, ஒரு சாண் நிலமும் இல்லாதவர்கள்கூட நார்த்தூளை அறிந்துகொண்டனர்.

இவ்வாறு புதிதாக வந்த பொருளைப் பற்றிக் குடியானவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இதில் வைத்த செடிக்கு எத்தனை நாளைக்கொரு முறை உரம் போடவேண்டும்?" என்பது. பதினைந்து நாளைக்கொரு முறை என்பார் ஒருவர். வாரத்துக்கொரு முறை என்பார் மற்றொருவர். ஒரு நாள் உரநீர், மறுநாள் வெறுநீர் என்பார் இன்னொருவர். இக்கட்டுரையின் அபிப்பிராயம் இதுவே: நார்த்தூளில் வளரும் செடிக்கு நீர் எத்தனை முறையோ உரமும் அத்தனை முறை. ஒவ்வொரு முறை வார்க்கும் நீரிலும் மிகச் சிறிதளவு உரம் கரைந்திருக்கவேண்டும். நாள் கணக்கு வைத்து மொத்தமாக இடுவது மண்ணுக்குரிய வழக்கம். அதனை நார்த்தூளுக்குக் கொண்டுபோவதனாலேயே பல பைகளில் செடிகள் கருகுகின்றன, அல்லது வெளிறிப் போகின்றன. இதற்குக் காரணத்தைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம்.

மண்ணும் நார்த்தூளும் ஒன்றல்ல

நாஞ்சில் நாட்டு ஏலாக்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போகத்துக்கும் அடியுரம் இட்டு, பின் இரண்டு அல்லது மூன்று தடவை மேலுரம் இட்டால் நெல் விளைகிறது. தென்னைக்கோ இதுவும் வேண்டுவதில்லை. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு வருஷத்தில் 560 கிராம் தழைச்சத்தும், 320 கிராம் மணிச்சத்தும், 1,200 கிராம் சாம்பற்சத்தும் வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபார்சு. அதனை ஆனி-ஆடியில் ஒரு பாதியும் மார்கழி-தையில் ஒரு பாதியுமாக இரண்டே தடவையில் இட்டுவிடலாம். வருஷத்தில் இரண்டு முறை உண்ணும் மரத்தின் மட்டைத் தூளில் வைத்த மிளகாய்ச் செடி நாள்தோறும் உண்ணவேண்டும் என்றால், கேட்பவர் நகைக்கக்கூடும். ஆயினும் காரணம் தெளிவானது.

வயலிலுள்ள களிமண்ணும் மக்கும் உரச்சத்துக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது சிறுகச் சிறுகக் கொடுக்கும் தன்மையுடையவை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எருவையும் தழையையும் சிதைத்துப் பயிருக்கு வேண்டிய உணவைத் தினந்தோறும் ஆக்கித் தருகின்றன. மேலும் வேர் தேடிச்செல்லப் பல அடி ஆழமும் அகலமும் உண்டு. ஆகவே குடியானவர் பதினைந்து நாள் மறந்திருந்தாலும் மண் மறப்பதில்லை. மண் குடியானவருடைய களஞ்சியம் என்றே சொல்லலாம்.

நார்த்தூளோ களஞ்சியம் அன்று. அது தண்ணீரைத் தன் எடையைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை ஏற்று வைத்துக்கொள்ளும். அப்படி ஏற்ற பின்பும் காற்று புகுவதற்கு இடம் விடும். இவ்விரண்டும் வேருக்கு மிகவும் உகந்தவை. இதன் பெருமை முழுதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் பயிருக்கு ஊட்டக்கூடிய சத்து அதில் மிகக் குறைவு. அதிலுள்ள பெரும்பகுதி எளிதில் மக்காத மரப்பொருள். ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 112 பங்கு கரிப்பொருள் இருப்பதால், அதில் வாழும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடிக்கு வார்த்த நீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதாவது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பயிருக்குச் சமைத்துப் போடுகின்றன. புது நார்த்தூளிலுள்ளவையோ பயிரின் இலையில் கைவைக்கின்றன. சிறிய பை ஒன்றில் அடைபட்ட வேருக்கு வேறிடம் சென்று தேடவும் வழியில்லை. வார்த்த நீரில் உள்ளதே அதற்கு உணவு.

நீரில் கரைந்த உப்புக்களைக் கொண்டே, மண்ணில்லாமல் பயிரை முழுதும் வளர்க்கலாம் என்பதை 1860-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்னும் இரு சாஸ்திரிகள் பரீட்சித்துக் காட்டினர். 1938-ம் வருஷத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹோக்லண்டு, ஆர்னன் என்போர் அதற்குரிய கரைசலின் அளவுகளைக் குடியானவர்களும் அறியும்படி வெளியிட்டனர். நார்த்தூள் சாகுபடியும் பெரும்பாலும் அந்த நீர்ச்சாகுபடியின் இனமே. பார்வைக்கு அது மண்ணைப்போல் இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

மொத்தமாக இடுவதால் நேரும் கேடு

ஒரு குடியானவர் நூறு பைகளில் மிளகாய் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வளர்ந்த செடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் செல்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரையும் உரத்தைக் கலந்து தினமும் வார்த்தால், வாரத்தில் பை ஒன்றுக்கு ஏழு கிராமும், நூறு பைகளுக்கு 700 கிராமும் ஆகும். அதே ஏழு கிராமையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே லிட்டரில் கரைத்து வார்த்துவிட்டு, மற்ற ஆறு நாளும் வெறுநீர் விடுவோமானால் உரச் செலவு ஒன்றே. ஆனால் ஞாயிறன்று மேற்புறத்து இளவேர்களைத் தொடும் கரைசல் ஏழு மடங்கு காரமானது. உப்பு மிகுந்த நீரிலிருந்து வேர் தண்ணீரை உறிஞ்ச இயலாமல், பை ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். இலையின் ஓரமும் நுனியும் தீய்ந்துபோகும். அதற்கடுத்த நாட்களில் வார்க்கும் வெறுநீர், மிஞ்சிய சத்தைப் பையின் துளைகள் வழியே கழுவிச் செல்லும். வெள்ளி, சனிக்கிழமைகளில் செடி பட்டினி. விருந்தும் பட்டினியுமாக மாறிமாறி வரும் வயிற்றில் உடல் தேறாதது போலவே, அச்செடியும் தேறாது. பூ உதிரும்; காய் சிறுக்கும்.

உரத்தைக் கரைக்காமல் குருணையாகவே ஒரு பிடி தூவுவது இதைவிடப் பெருங்கேடு. வயலில் தூவியது ஏலா முழுதும் பரவுகிறது. பையில் தூவியது விழுந்த இடத்திலேயே வேரைச் சுடுகிறது.

கேடு வேறொன்றும் உண்டு. நார்த்தூளில் இயற்கையாகவே சாம்பற்சத்தும், சோடியம், குளோரின் சேர்ந்த கறியுப்பும் கலந்திருக்கின்றன. உவர்நீர்க் காயல்களில் ஊறிய கதம்பையின் தூளில் இந்த உப்பு பின்னும் மிகுதி. தூளின் நுண்ணிய பரப்பில் பற்றிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும், நாம் வார்க்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் வந்தவுடன் அவற்றிற்கு இடம் கொடுத்துத் தாங்கள் நீரில் இறங்குகின்றன. இதனால் முதற் சில வாரங்களில் செடிக்குச் சுண்ணாம்புச் சத்து கிட்டாமற் போகிறது. தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து அமுங்கிப் போவதை நோய் என்று கருதி மருந்தடிப்பவர் பலர். அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும், நீர் ஒரு நாள் மிகுந்து ஒரு நாள் குறைவதுமே. மருந்துக்குச் செலவிடும் பணம் வீண்.

கடைப்பிடிக்கத்தக்க முறை

முதலாவது, தூளைப் பக்குவம் செய்தல். உப்புக் குறைந்த தூள் என்று வியாபாரிகள் சொல்வது, மின்கடத்துத்திறன் 0.5 டெசிசீமெனுக்குக் குறைந்த சரக்கை. அதை ஈ.சி. மீட்டர் என்னும் சிறு கைக்கருவியால் அறியலாம். ஐந்து கிலோ எடையுள்ள கட்டி ஒன்று நீரில் ஊறியபின் 60 லிட்டருக்குக் குறையாத தூளாகப் பொலியும். அதனை நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை அலசி, பிறகு கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடியும் அலசி வடித்துவிட்டால், மேலே சொன்ன பொட்டாசியமும் சோடியமும் பெரும்பகுதி நீங்கும். இதைச் செய்யாமல் பையை நிரப்புகிறவர், எத்தனை நாளைக்கொரு முறை உரமிட்டாலும் நல்ல பலன் காணமாட்டார்.

இரண்டாவது, செடியின் பருவத்துக்கேற்ற காரம். விதை முளைத்து முதல் மெய்யிலை விரியும் வரை வெறுநீரே போதும். விதையிலேயே அதற்குரிய உணவு இருக்கிறது. பின்னர் லிட்டருக்கு அரை கிராம் கரையும் உரம். செடி வேரூன்றிக் கிளைக்கும்போது லிட்டருக்கு ஒரு கிராம். பூத்துக் காய்க்கும் தக்காளிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை உயர்த்தலாம். மீட்டர் உள்ளவர்கள் இளஞ்செடிக்கு 0.5 முதல் 1.0 வரையும், வளரும் செடிக்கு 1.5 முதல் 2.0 வரையும், காய்க்கும் தக்காளிக்கு 2.5 வரையும் கரைசலின் அளவை வைத்துக்கொள்வார்களாக. புளிப்பு-கார நிலை 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் நிற்பது நலம்.

மூன்றாவது, உரங்களை முறை வைத்தல். கால்சியம் நைட்ரேட்டை, மணிச்சத்தோ கந்தகமோ சேர்ந்த உரத்துடன் ஒரே தொட்டியில் கெட்டியாகக் கரைத்தால் சுண்ணாம்பு திரிந்து அடியில் தங்கிவிடும். செடிக்கும் கிட்டாது, குழாய்த் துளையும் அடைபடும். ஆகையால் 19:19:19 என்னும் கலவையை வாரத்தில் நான்கு நாளும், கால்சியம் நைட்ரேட்டை இடையிட்டு இரண்டு நாளும், லிட்டருக்கு அரை கிராம் வீதம் மக்னீசியம் சல்பேட்டை நுண்ணூட்டக் கலவையுடன் ஒரு நாளும் என்று வகுத்துக்கொள்வது எளிது. காய் பிடித்தபின் அந்த நான்கு நாட்களில் இரண்டு நாள் 13:0:45 என்னும் உரத்தை இடலாம். இவ்வாறு உரம் மாறுமேயன்றி, உரமில்லாத நாள் என்பது இராது.

நான்காவது, வடிகால். வார்த்த நீரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை பையின் அடியில் வடியவேண்டும். சொட்டுக்கூட வடியாமல் வார்ப்பது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் செடி நீரைக் குடித்து உப்பை விட்டுவைப்பதால், பையினுள் உப்பு நாளுக்கு நாள் ஏறும். வாரத்தில் ஒரு நாள் வடிநீரை ஒரு கிண்ணத்தில் ஏந்தி அளந்து பார்க்கவேண்டும். வார்த்த நீரின் அளவைவிட வடிநீரின் அளவு ஒரு டெசிசீமெனுக்கு மேல் மிகுந்திருந்தால், ஒரு நாள் மட்டும் காரம் பாதியாகக் குறைத்த உரநீரைத் தாராளமாக வார்த்து உப்பைக் கழுவிவிடுவதே பரிகாரம். வடிநீரை வீணாக்காமல், தென்னை மூட்டிலோ வாழைக்கோ பாய்ச்சிவிடலாம்.

ஐந்தாவது, பொழுது. இளஞ்செடிக்கு நாளில் ஒரு தடவை போதும். காய்க்கும் செடிக்குக் கோடையில் அதே அளவு நீரைக் காலை, நண்பகல், பிற்பகல் என்று இரண்டு மூன்றாகப் பகிர்ந்து வார்ப்பது நன்று. பெரிய பண்ணைகளில் சொட்டுநீர்க் குழாய் வழியாக நாளில் பல தடவை சிறுசிறு அளவாகக் கொடுக்கிறார்கள். தூள் முற்றும் உலரும்படி விடலாகாது; உலர்ந்தால் உப்பு கெட்டிப்படுவதுடன், பின் வார்க்கும் நீரும் எளிதில் ஊறாமல் பக்கவாட்டில் வழிந்தோடும்.

கடலோரத்துக்குரிய எச்சரிக்கை

மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் மேற்கூறிய அளவுகளை அப்படியே கைக்கொள்ளுவதற்கு முன், கிணற்று நீரைச் சோதிப்பது அவசியம். கடற்கரையை அடுத்த கிணறுகளில் கோடையில் உவர்ப்பு ஏறுவது எவரும் அறிந்ததே. செடி தாங்கக்கூடிய மொத்த உப்பு இவ்வளவு என்று வரம்பு இருக்கையில், நீரே அதில் பாதியை எடுத்துக்கொண்டால் உரத்துக்கு இடம் பாதியே. அத்தகைய நீரை வைத்துக்கொண்டு மொத்த உரமும் இடுகிறவர் ஒரே நாளில் தோட்டத்தை இழக்க நேரும். நாள்தோறும் மெல்லிய உரம் இடுகிறவரோ, இலை நுனி தீய்வதைக் கண்ட அன்றே குறைத்துக்கொள்ளலாம். தவறு சிறிதாயிருக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். இதுவும் இம்முறையின் ஒரு நன்மை.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் பாக்கியம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு. கூரையிலிருந்து ஒழுகும் மழைநீரைத் தொட்டியில் தேக்கிக் கிணற்று நீருடன் கலந்து வார்த்தால் உவர்ப்புத் தணியும். ஆனால் திறந்தவெளியில் வைத்த பைகளில் மழை பெய்து சத்தைக் கழுவிவிடுமாகையால், இரண்டு மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்தபின், பை ஈரமாயிருக்கிறதே என்று காத்திராமல் ஒரு முறை உரநீர் வார்த்துவிடவேண்டும்.

சிலர் கூறும் ஆக்ஷேபங்கள்

நாற்றங்காலில் ஒரே தடவை உரம் தெளித்தாலே போதுமென்று சொல்லியிருக்க, பைக்கு மட்டும் நாள்தோறும் ஏன் என்று சிலர் கேட்கலாம். குழித்தட்டு நாற்றுக்கு விதைத்த பதினெட்டாம் நாளில் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் தெளிப்பது வழக்கிலுள்ள சிபார்சுதான். ஆனால் அந்நாற்று இருபத்தைந்து முதல் நாற்பது நாள் வரை தட்டில் இருந்துவிட்டு மண்ணுக்குப் போய்விடுகிறது. பையிலுள்ள செடியோ நான்கைந்து மாதம் அங்கேயே பூத்துக் காய்க்கவேண்டும். வழிப்போக்கனுக்கு இடும் ஒரு வேளைச் சோற்றைக்கொண்டு வீட்டாரின் செலவைக் கணக்கிடலாகாது.

இரசாயன உரமே இல்லாமல் எருவும் பஞ்சகவ்யமும் கொண்டு வளர்க்க விரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் விருப்பத்தைத் தடுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் வெறும் நார்த்தூளில் நடாமல், மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ கலந்து நடவேண்டும். அல்லது நார்த்தூளையே மக்கவைத்துக்கொள்ளலாம்: ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்துவந்தால், 112-க்கு ஒன்றாயிருந்த கரிப்பொருள் விகிதம் 24-க்கு ஒன்று என்னும் அளவுக்கு இறங்கும். அப்போது அது ஒருவாறு மண்ணின் குணத்தை அடைவதால், ஊட்டமும் இரண்டு மூன்று நாளைக்கொரு முறை கொடுத்தால் போதும். களஞ்சியம் இருந்தால் இடைவெளி விடலாம். களஞ்சியம் இல்லாவிடில் விடலாகாது என்பதே இதிலும் விதி.

நாள்தோறும் உரம் என்றால் செலவு மிகும், ஆளும் வேண்டும் என்பது மூன்றாவது ஆக்ஷேபம். உரச் செலவு மிகாது என்பதை மேலே கணக்கிட்டுக் காட்டினோம். கழுவிப்போகும் சத்து குறைவதால் நாளடைவில் மிச்சமே உண்டாகும். ஆள் வேலையைப் பற்றிச் சொல்லுமிடத்து, நீர் வார்க்க எப்படியும் ஒருவர் போகத்தானே வேண்டும்? உயர்ந்த இடத்தில் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அதில் இருநூறு கிராம் உரத்தைக் கலக்கிக் குழாயைத் திறந்துவிடுவதற்குக் கால் மணி நேரம் போதும்.

நான்காவது ஆக்ஷேபம் கவனிக்கத்தக்கது. நாள்தோறும் என்று சொன்னால், சிலர் கை தாராளமாகி நாள்தோறும் முழு அளவும் இட்டுவிடுவார்களே என்பதே அது. இது உண்மையான அபாயந்தான். ஆகையால் "அடிக்கடி" என்னும் சொல்லை ஒருபோதும் தனியே சொல்லாமல், "மெல்லியதாக, அடிக்கடி" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் கைக்கொள்ளுகிறவர், இரண்டையும் விட்டவரைவிட அதிக நஷ்டமடைவார்.

கிராம அதிகாரிகளும் சங்கங்களும் செய்யக்கூடியது

நார்த்தூள் பைகள் ஊருக்குள் வருவது எளிது. அவற்றை ஆளும் முறை வருவது கடினம். கடன் வாங்கி நிழல்வலைக் குடில் போடும் சிறு நிலக்காரருக்கு முதற் போகம் பொய்த்தால், இரண்டாவது போகத்துக்கு அவரிடம் முதல் இராது. பைகள் கிழிந்து மூலையில் கிடக்கும். "நார்த்தூள் நம் ஊருக்கு ஒத்துவராது" என்னும் பேச்சு மட்டும் தங்கிவிடும். ஒத்துவராதது தூள் அன்று, முறையே என்பதை எடுத்துச் சொல்ல அப்போது எவரும் இருக்கமாட்டார்கள்.

ஆகையால் ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் ஈ.சி. மீட்டர் ஒன்றையாவது வைத்து, கேட்பவருடைய கிணற்று நீரையும் வடிநீரையும் அளந்து சொல்லுவது பயனுள்ள ஏற்பாடாகும். தராசில்லாமல் கடை நடத்தத் துணியாத நாம், மீட்டரில்லாமல் உரநீர் வார்க்கத் துணிவது பொருத்தமன்று. கிராம அதிகாரிகள் பைகளையும் கட்டிகளையும் வழங்கும்போது, அவற்றுடன் அரை கிராம், ஒரு கிராம் அளக்கும் சிறு கரண்டியும், மேற்சொன்ன வார முறையை எழுதிய அட்டை ஒன்றும் கொடுக்கும்படி செய்வார்களானால், அதற்காகும் சிறு செலவு பன்மடங்காகத் திரும்பிவரும். தும்பு ஆலைகளை நடத்துகிறவர்களும், உவர்நீரில் ஊறிய கதம்பையின் தூளையும் நன்னீரில் அலசிய தூளையும் வேறு வேறாகக் குவித்து, இன்னது இன்னது என்று சொல்லி விற்பது அவர்கள் சரக்குக்கே மதிப்பை உயர்த்தும். இங்கிலாந்தில் 1860-களிலேயே தோட்டக்காரர்கள் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தத் தொடங்கியும், அவ்வழக்கம் நிலைபெறாமல் நெடுங்காலம் மறைந்துபோயிற்று. கைக்கு வந்த நல்ல பொருளும், முறையாக ஆளப்படாவிட்டால் மறக்கப்பட்டுவிடும்.

இப்பொருள் முதன்முதலாகக் கைக்கு வந்த குடியானவர்கள் பத்துப் பைகளைக்கொண்டு தாமே பரீட்சித்துப் பார்க்கலாம். ஐந்து பைகளுக்கு வாரத்துக்கொரு முறை ஏழு கிராமும், மற்ற ஐந்துக்கு நாள்தோறும் ஒரு கிராமும் இட்டு வந்து, இரண்டு மாத முடிவில் காயை நிறுத்துப் பார்ப்பார்களாக. தராசு கூறும் தீர்ப்பைவிட இக்கட்டுரை கூறுவது பெரிதன்று.

கயிற்றில் ஒட்டிய மணலின் மதிப்பை அறிவிக்க ஒரு வெளிதேசத்தார் வேண்டியிருந்தது. கதம்பையிலிருந்து உதிர்ந்த தூளின் மதிப்பை நம்மவர் தாமாகவே அறிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டியது பெருமுதலன்று. நாள்தோறும் ஒரு கிராமை அளந்து கலக்கும் பொறுமையே.